தீமேட்டிக்னு ஒரே ஒரு வார்த்தைய வச்சு ஒரு டிக்‌ஷனரி ஆப்ப சோதிச்சு பாத்தேன்

முதல்ல நடந்தத சொல்லிடறேன், ரிவ்யூ அப்பறம். நான் பொழப்புக்கு மொழிபெயர்ப்பு பண்ற ஆளு. போன வருஷம் ஒரு பெரிய ஃபைல் வந்துச்சு, மொழியியல், மேப், ஆராய்ச்சி முறைனு எல்லாம் கலந்து கட்டி, நாலஞ்சு பேர் எழுதுனத ஒண்ணா தச்ச மாதிரி. அதுல தீமேட்டிக்ங்கற (thematic) இங்கிலீஷ் வார்த்தை மட்டும் இருபது முப்பது எடத்துல வருது. ஃபோன்ல இருந்த ஓசி டிக்‌ஷனரில போட்டு பாத்தேன், "கருப்பொருள் சார்ந்த"னு சொல்லுச்சு. சரி வேலை முடிஞ்சுதுனு ஃபைன்ட் அண்ட் ரிப்ளேஸ் அடிச்சு மொத்தமா மாத்தி அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல ஃபைல் திரும்பி வந்துச்சு. "கருப்பொருள் உயிரெழுத்து"னு இருந்த எடத்துல மஞ்சள் அடிச்சு, ஓரத்துல வேற ஒண்ணும் எழுதாம ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல, அந்த ஒத்த கேள்விக்குறிதான் ரெண்டு நாள் தூங்க விடல.

அந்த ரோஷத்துல ஒரு டிக்‌ஷனரி ஆப்புக்கு ஒரு வருஷ சந்தா கட்டுனேன். பேரு சொல்ல போறதில்ல, விளம்பரமும் வேணாம் வம்பும் வேணாம். இங்கிலீஷ் அர்த்தம், உச்சரிப்பு, வார்த்தையோட பூர்வீகம், கூடவே தமிழ் அர்த்தம், எல்லாம் ஒரே எடத்துலனு சொல்லி விக்கற ஆப்பு. இந்த மாதிரி ஆப்ப எல்லாரும் பெரிய பெரிய வார்த்தைய போட்டு சோதிப்பாங்க, வாய்ல நுழையாத வார்த்தைக்கு அர்த்தம் இருக்கானு பாப்பாங்க. அது தப்புனு இப்ப எனக்கு தோணுது. வாய்ல நுழையாத வார்த்தைக்கு பெரும்பாலும் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும், எந்த டிக்‌ஷனரியும் அத ஒழுங்கா சொல்லிடும். தெரிஞ்ச மாதிரியே இருக்கும், ஆனா எடத்துக்கு எடம் வேற ஆளா வந்து நிக்கும் பாருங்க, அந்த வார்த்தைலதான் ஆப்போட சாயம் வெளுக்கும். அதனால இந்த ரிவ்யூ முழுக்க தீமேட்டிக்தான்.

உச்சரிப்பு பக்கம் நல்லா இருக்கு. நான் இத்தன வருஷமா தீம்ங்கறத அழுத்தி தீ-மேட்டிக்னு சொல்லிட்டு திரிஞ்சேன், ஸ்பீக்கர் படத்த தட்டி பாதி வேகத்துல வச்சு கேட்டா அழுத்தம் ரெண்டாவது அசைல விழுது, தி-மேட்-டிக். சில பேர் முதல் அசைய நீட்டியும் சொல்லுவாங்களாம், ஆனா அழுத்தம் என்னவோ நடு அசைலதான். சின்ன விஷயம்தான், அந்த மேட்-ல ஆடியோ லேசா எழும்பறத நாலு தடவ கேட்டதும் என் வாய் தானா திருந்திருச்சு. இதுக்கு முழு மார்க்.

அர்த்தம் பக்கத்துக்கு வருவோம், இங்கதான் பிரச்சனையே. முதல் அர்த்தம், "தீம் அல்லது தீம்கள் தொடர்பான". சரி, அப்ப தீம்னா என்னனு தட்டுனா, "ஒரு பேச்சு, எழுத்து, கண்காட்சியோட பொருள்". இத படிச்சு யாருக்கு என்ன தெரிஞ்சுது? உங்க வீடு எங்கனு கேட்டா பக்கத்து வீட்டுக்கு பக்கத்துலனு சொல்ற கதைதான். ரெண்டாவது இசை, ஒரு மெட்டு தொடர்பான. மூணாவது இலக்கணம், அங்க ஒரு வரி, அதுவும் பாதி வரி. அவ்ளோதான், முடிஞ்சுது. மேப்ப காணோம், ஸ்டாம்ப் சேக்கறவங்கள காணோம், ஃபண்ட காணோம், மனோதத்துவத்த காணோம். தீமேட்டிக்ங்கற வார்த்தைய நிஜமா தெனமும் பொழங்கற கூட்டமே இவங்கதான், அவங்கள பூரா வெளிய நிறுத்திட்டு பக்கத்த மூடிட்டாங்க.

சரி நாமளே பாப்போம்னு ஒவ்வொரு துறையா மேஞ்சேன், மேஞ்சதுல ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. தீமேட்டிக்னு ஒருத்தர் சொன்னா, உடனே "எது இல்ல?"னு கேக்கணும். இந்த வார்த்தைக்கு உசுரே அதோட எதிர்ப்பக்கத்துல இருக்கு. எதிர்ல யாரு நிக்கறாங்கனு தெரிஞ்சா அர்த்தம் தானா வந்துரும், தெரியாம "கருப்பொருள் சார்ந்த"னு போட்டா என் கதிதான்.

மேப்ப எடுத்துக்கோங்க. சாதா மேப்ல ஆறு, மலை, ரோடு, ஊர் பேரு எல்லாம் கலந்து இருக்கும், எங்க என்ன இருக்குனு பாக்கறதுக்கு. தீமேட்டிக் மேப்ங்கறது அதுக்கு எதிர்ப்பக்கம், ஒரே ஒரு சங்கதிய மட்டும் எடுத்து அது எங்க எவ்ளோனு காட்டறது. 1686ல எட்மண்ட் ஹாலி, வால் நட்சத்திரத்துக்கு பேரு வச்சிருக்கே அதே ஹாலி, கடல்ல காத்து எந்த பக்கம் அடிக்குதுங்கறத மட்டும் சின்ன சின்ன கோடா இழுத்து ஒரு மேப் போட்டாரு. 1826ல சார்ல்ஸ் டுபான் பிரான்ஸ் முழுக்க ஆரம்ப கல்வி எங்க எப்படி இருக்குனு வெளுப்புல இருந்து கருப்பு வரைக்கும் நிழல் அடிச்சு காட்டுனாரு, இன்னைக்கு தேர்தல் ரிசல்ட்டுக்கு டிவில கலர் அடிச்சு காட்டறாங்களே, அதுக்கெல்லாம் பாட்டன் அது. 1854ல லண்டன்ல காலரா வந்தப்ப டாக்டர் ஜான் ஸ்னோ யார் யார் எந்த வீட்டுல செத்தாங்கனு குறிச்சு, குறிச்சதெல்லாம் ஒரு தண்ணி பம்ப சுத்தி குவியறத காட்டுனாரு பாருங்க, அதுவும் இந்த ஜாதிதான். அட, இந்த வார்த்தை விண்வெளிக்கே போயிருக்கு. 1982ல மேல போன லேண்ட்சாட் 4 செயற்கைக்கோள்ல இருந்த கேமரா மாதிரி கருவிக்கு பேரே தீமேட்டிக் மேப்பர்தான், ஏழு அலைவரிசைல பூமிய பாக்கும், வெப்பத்த பாக்கற ஒண்ண தவிர மீதி எல்லாத்துலயும் ஒரு புள்ளி 30 மீட்டர். பயிரு தனியா, தண்ணி தனியா, காடு தனியானு பொருள் பொருளா பிரிச்சு மேப் போட உதவும்ங்கறதாலதான் அந்த பேரு. இவ்ளோ உசரத்துக்கு போன வார்த்தைக்கு ஆப்புல ஒரு வரி இல்ல.

ஸ்டாம்ப் கதை இன்னும் ருசி. ஸ்டாம்ப் சேக்கறவங்கள்ல பழைய வழி ஒரு நாட்ட எடுத்துக்கிட்டு வருஷ வரிசைல சேக்கறது. அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கறவங்க எந்த நாடா இருந்தா என்ன, எனக்கு பறவை வேணும், எனக்கு ரயில் வேணும்னு சேக்கறவங்க. இவங்கள பிரிட்டிஷ் ஆளுங்க தீமேட்டிக் கலெக்டர்னு சொல்றாங்க, அமெரிக்காக்காரங்க டாபிக்கல்னு சொல்றாங்க, 1949ல ஆரம்பிச்ச அவங்க சங்கத்து பேர்லயே டாபிக்கல்தான் இருக்கு. இதுல ஒரு வேடிக்கை, டாபிக்ங்கறது கிரேக்கத்துல இடம்னு அர்த்தம் வர்ற டோபோஸ்ல இருந்து வந்தது, தீம்ங்கறது வைக்கிறதுங்கற வினைல இருந்து வந்தது. ஆக ஒருத்தருக்கு அது இடம், இன்னொருத்தருக்கு அந்த இடத்துல வச்ச பொருள். ரெண்டு பேரும் சேக்கறது என்னவோ அதே பறவை ஸ்டாம்புதான்.

இசைலயும் இதே கதைதான். மோட்சார்ட்டோட எல்லா படைப்பையும் பட்டியல் போட்டு 1862ல லுட்விக் ஃபான் கோஷெல் ஒரு புஸ்தகம் கொண்டு வந்தாரு, இன்னைக்கும் மோட்சார்ட் பாட்டுக்கு பக்கத்துல கே 626னு எல்லாம் நம்பர் போடறது அதுல இருந்துதான். அந்த புஸ்தகத்தோட ஜெர்மன் தலைப்புலயே "காலவரிசையான, தீமேட்டிக்கான பட்டியல்"னு ரெண்டு அடைமொழியும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அங்க தீமேட்டிக்னா கருத்து கிருத்து ஒண்ணும் இல்லீங்க, ஒவ்வொரு படைப்போட ஆரம்ப மெட்ட மட்டும் இசைக்குறியா அச்சடிச்சிருக்கும், பேரு மறந்தாலும் மெட்ட வச்சு கண்டுபிடிக்கலாம். எதிர்ப்பக்கம் யாருனு பாத்தா வெறும் பேரு பட்டியல். இங்க போய் கருப்பொருள்னு போட்டீங்கனா ஆள் அம்பேல்.

பணம் பக்கம் வந்தா, செக்டர் ஃபண்டுக்கு எதிர்ல நிக்கறதுதான் தீமேட்டிக் ஃபண்ட். செக்டர்னா ஒரே தொழில், பேங்க்னா பேங்க் மட்டும். தீம்னா மின்சார வண்டினு வைங்களேன், பேட்டரி செய்யறவனும் வருவான், சுரங்கம் தோண்டறவனும் வருவான், சிப்பு போடறவனும் வருவான், பல தொழில் ஆனா ஒரே கதை. வாங்கலாமா வேணாமாங்கறது என் வேலை இல்ல. மனோதத்துவத்துல 1930கள்ல ஹார்வர்டுல கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி முர்ரேயும் ஒரு டெஸ்ட் பண்ணாங்க, மொத்தம் 31 அட்டை, தெளிவா புரியாத படத்த காட்டி ஒரு கதை சொல்லுனு கேப்பாங்க, அதுல ஒரு அட்டைல படமே இருக்காது, வெறும் வெள்ளை. அந்த வெள்ளை அட்டைக்கும் கதை சொல்லணும்! அந்த டெஸ்ட் பேர்லயும் முதல் வார்த்தை தீமேட்டிக்தான், சொல்ற கதைகள்ல திரும்ப திரும்ப என்ன வருதுங்கறத தேடறதால. பேட்டி எடுத்து பண்ற ஆராய்ச்சில தீமேட்டிக் அனாலிசிஸ்னு ஒண்ணு, 2006ல பிரவுன், கிளார்க்னு ரெண்டு பேர் அத ஆறு கட்டமா பிரிச்சு எழுதுன கட்டுரைய இன்னைக்கும் மாணவர்கள் ஆளாளுக்கு மேற்கோள் காட்டறாங்க.

இப்ப என்ன கேள்விக்குறி வாங்க வச்ச இலக்கண அர்த்தம். ஆப்புல இருந்த அந்த பாதி வரிய நாலு தடவ படிச்சும் புரியல, வெளிய தேடித்தான் புரிஞ்சுக்கிட்டேன். கிரேக்க இலக்கணத்துல தீம்னா விகுதி ஒட்டறதுக்கு முன்னாடி நிக்கற சொல்லோட பகுதி. சில வினைல பகுதிக்கும் விகுதிக்கும் நடுவுல ஒரு ஒ-வோ எ-வோ வந்து உக்காரும். லு-ன்னா அவிழ், லு-ஒ-மென்னா அவிழ்க்கிறோம், லு-எ-தெனா அவிழ்க்கிறீங்க. நடுவுல வர்ற அந்த உயிர்தான் தீமேட்டிக் வவல். அது இல்லாம விகுதி நேரா போய் பகுதில ஒட்டுனா அது அதீமேட்டிக். நமக்கு இது ரொம்ப தூரம் இல்ல, வந்தனன்ல இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவுல ஒரு அன் சாரியை வருதே, பள்ளிக்கூடத்துல பகுபத உறுப்பிலக்கணம்னு பிரிச்சு பிரிச்சு எழுதுனோமே, அந்த கண்ணோட பாத்தா பளிச்சுனு புரியும். ரெண்டும் ஒண்ணுனு சொல்ல வரல, உக்கார்ற எடம் மாதிரியா இருக்குங்கறேன். எதிர்ப்பக்கமான அதீமேட்டிக்குக்கு இங்கிலீஷ்லயே ஒரு மிச்சம் இருக்கு, ஐ ஆம்னு சொல்றோம்ல, அந்த ஆம்-ல இருக்கற ம், சமஸ்கிருத அஸ்மில வர்ற மி-யோட அண்ணன் தம்பி, நடு உயிர் இல்லாம நேரா ஒட்டுன விகுதி.

அர்த்தம் பக்கத்த இவ்ளோ திட்டிட்டேன், ஆனா பூர்வீகம் பக்கம்! அங்க வேல பாத்த புண்ணியவான் யாரோ தெரியல, அவருக்காகவே சந்தா கட்டலாம். தீமேட்டிக்ங்கறது 17-ம் நூற்றாண்டு கடைசில இங்கிலீஷ்ல தலைய காட்டுது, கிரேக்கத்து தெமாத்திகோஸ்ல இருந்து. ஆனா தீம்ங்கற பெயர்ச்சொல் 1300 வாக்குலயே வந்துருச்சு, அதுவும் வேற வாசல் வழியா. லத்தீன்ல தெமா, அது பழைய பிரெஞ்சுக்கு போய் எச்-ச தொலைச்சு தேம் மாதிரி ஆகி, அப்படியே இங்கிலீஷுக்கு வந்து ரொம்ப நாள் எச் இல்லாமலே எழுதிட்டு இருந்திருக்காங்க, அப்பறம் படிச்ச ஆளுங்க லத்தீன பாத்து ஐயையோ எச் விட்டுப்போச்சேனு திரும்ப சொருகுனாங்க. ஆக அப்பன்காரன் சுத்தி வளைச்சு நடந்து வந்தான், புள்ள கிட்டத்தட்ட 400 வருஷம் கழிச்சு கிரேக்கத்துல இருந்து நேரா கப்பல்ல வந்து எறங்குச்சு.

வருஷம் எப்படி கண்டுபிடிக்கறாங்கனு ஒரு குட்டி பெட்டி செய்தியும் போட்டிருக்காங்க, அதுவும் நல்லா இருந்துச்சு. அந்த வருஷம் வார்த்தை பொறந்த வருஷம் இல்ல, எழுத்துல முதல்ல சிக்குன வருஷம். ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதிக்கு 1857லயே பேச்சு எடுத்து, ஜேம்ஸ் முர்ரே 1879ல ஆசிரியரா பொறுப்பேத்து, ஊர் உலகத்துல இருந்து வாசகர்கள் பழைய புஸ்தகத்த படிச்சு துண்டு சீட்டுல எழுதி அனுப்பி, முதல் பாகம் 1884ல வந்து, முழுசா முடியறப்ப 1928. முர்ரே அதுக்குள்ள போய் சேந்துட்டாரு. நாம ஒரு விரல்ல தட்டி பாக்கற வருஷத்துக்கு பின்னாடி யாரோ ஒருத்தர் துண்டு சீட்டு எழுதி தபால்ல போட்டிருக்காரு. இப்படி ஒரு சங்கதிய சந்தா கட்டுனவங்களுக்கு மட்டும் காட்டறது கொஞ்சம் அநியாயம்தான்.

இன்னும் கீழ போனா வேர். கிரேக்கத்துல தெமானா "வைக்கப்பட்டது". தித்தேமினு ஒரு வினை, வைக்கிறேன்னு அர்த்தம், அதுல இருந்து வந்தது. சபைல பேசறதுக்கு வச்ச விஷயமும் தெமாதான், ஒருத்தர்கிட்ட பத்திரமா இருக்கட்டும்னு வச்ச பணமும் தெமாதான். இத படிச்சதும் எனக்கு ஆச்சரியமே வரல, ஏன்னா நமக்கும் எல்லாமே வைக்கிறதுதானே, தலைப்பு வச்சாங்க, கேள்வி வச்சாங்க, பேரு வச்சாங்க, கருத்த முன்வச்சாங்க, கோரிக்கை வச்சாங்க. கிரேக்கனும் நாமும் சொல்லி வச்ச மாதிரி, பாருங்க இதுலயும் வச்ச, ஒரே யோசனை யோசிச்சிருக்கோம்.

ஆச்சரியம் அடுத்த வரில வந்துச்சு. அந்த வினைக்கும் அடில இருக்கறது, கிரேக்கம், சமஸ்கிருதம், இங்கிலீஷுக்கெல்லாம் பொது மூலமான இந்தோ ஐரோப்பிய மொழியோட வேர் தே, ஹ சத்தம் சேந்த த. இதே வேர் சமஸ்கிருதத்துல தா, அதே ஹ சேந்த தா, வை-னு அர்த்தம். அதுல இருந்து வந்த வார்த்தைங்கள ஆப்பு வரிசையா காட்டுது, நிதி, விதி, சந்தி, சமாதி, தாது, சிரத்தை. நான் சேர்ல நிமிந்து உக்காந்துட்டேன். நிதினா உள்ள பத்திரமா வச்சது, புதையல். கிரேக்கத்துல போட்டு வச்ச பணத்துக்கு தெமா, நம்ம வாய்ல பொழங்கற நிதி, ரெண்டும் ஒரே வேர், ஒரே அர்த்தம்! அப்ப தீமேட்டிக் ஃபண்ட்னு சொல்லி அதுக்கு தமிழ்ல ஏதோ ஒரு நிதினு எழுதறப்ப நாம ஒரே வேர ரெண்டு தடவ சொல்றோம், தெரியாமலே. சந்தினா சேத்து வைக்கிறது, விதினா வகுத்து வைக்கிறது, நல்லா யோசிச்சா ஒவ்வொண்ணுக்குள்ளயும் அந்த வை ஒளிஞ்சிருக்கு. இங்கிலீஷ் பக்கம் தீசிஸ், ஹைப்பாதிசிஸ், பேரன்தசிஸ் எல்லாம் இதே குடும்பம், ஏன் சாதாரண டூ, டீட் கூட, லத்தீன் வழியா ஃபேக்ட், ஃபேக்டரி கூட. இந்த ஒரு ஸ்க்ரீன ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரெண்டு பேருக்கு அனுப்புனேன், ஒருத்தர் ஒரு தம்ஸ் அப் போட்டாரு, இன்னொருத்தர் இன்னும் பாக்கவே இல்ல.

ஆப்புல சொல்லாத ஒரு நக்கல் நானா கண்டுபிடிச்சேன். தீமேட்டிக்ங்கற வார்த்தைக்கு தாய் வினை தித்தேமி இருக்கே, அது கிரேக்க இலக்கணப்படி ஒரு அதீமேட்டிக் வினை! வைக்கிறோம்ங்கறதுக்கு தி-தெ-மென், நடுவுல உயிர் வந்து உக்காரவே இல்ல. சமஸ்கிருதத்துல அதுக்கு ஜோடியான ததாதியும் அப்படியேதான். பெத்த புள்ளையோட கட்சில அம்மாவே உறுப்பினர் இல்ல.

தமிழ் அர்த்தத்துக்கு வரேன், இதுல மார்க் கொடுக்கவே மனசு வரல. தமிழ்ல தேடற பெட்டில "தீம்"னு அடிச்சேன், "இனிய, சுவையான"னு வந்துச்சு. ஒரு நிமிஷம் கொழம்பி அப்பறம் சிரிச்சுட்டேன், தீம்பால், தீங்கனி, தீந்தமிழ்ல வர்ற தீம்! தப்பு ஆப்பு மேல இல்ல, அது அதோட தமிழ ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. ஆனா கிரேக்க மூலத்த தமிழ் எழுத்துல காட்டற எடத்துல தெமாவ தேமானு நெடில்ல போட்டு வச்சிருக்காங்க, யாப்பு படிச்ச எவனுக்கும் அடுத்து புளிமானுதான் வாய்ல வரும். நேர் நேர் தேமா. கிரேக்கத்துல அது குறில், திருத்துங்கப்பானு எழுதி போட்டேன்.

பெரிய குறை அந்த கருப்பொருள்தான். தீமுக்கு கருப்பொருள்னு எல்லாரும் எழுதறோம், நானும் எழுதறேன், பழகிப்போச்சு. ஆனா தொல்காப்பியம் கருப்பொருள்னு எத சொல்லுது? தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு திணைக்குள்ள கண்ணுல படற, கைல தொடற சரக்கு எல்லாம். பாட்டு எத பத்தினதோ அதுக்கு, அந்த புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடலுக்கு, உரிப்பொருள்னு தனியா பேரு இருக்கு. அப்படி பாத்தா ஒரு கவிதையோட தீம்னு இன்னைக்கு நாம சொல்றது உரிப்பொருளுக்குத்தான் கிட்ட வருது, கருப்பொருளுக்கு இல்ல. குறிஞ்சிப்பாட்டுல முருகனும் தினையும் மயிலும் வந்தா அது கரு, அவங்க சந்திச்சது உரி. எப்ப எப்படி இடம் மாறுச்சோ, கருங்கற வார்த்தைல இருக்கற முட்டை, மூலம் வாசனைல எல்லாரும் மயங்கியிருப்போம்னு நெனைக்கிறேன். இப்ப மாத்துங்கனு சண்ட போடற அளவுக்கு எனக்கு தெம்பில்ல, ஆனா ஒரு டிக்‌ஷனரி, அதுவும் காசு வாங்கற டிக்‌ஷனரி, பழைய பொருள் இது புதுப்பொருள் இதுனு ஒரு வரி போட வேணாமா?

அதவிட, கருப்பொருள் சார்ந்தங்கறது பாதி எடத்துல வேலைக்கே ஆகல. முன்னாடி சொன்னேனே எதிர்ப்பக்கம்னு, அத வச்சு யோசிச்சா தமிழ்ல அழகா ஒரு ஒட்டு கைவசம் இருக்கு, வாரி. தேதிவாரி, பேர்வாரி, வரிசைவாரினு சொல்றோம்ல, அதே மாதிரி பொருள்வாரி. தீமேட்டிக் மேப்புனா பொருள்வாரி வரைபடம், தீமேட்டிக் கலெக்‌ஷன்னா பொருள்வாரி சேகரிப்பு, கண்காட்சிய காலவரிசைல வைக்காம பொருள்வாரியா வச்சிருக்காங்க. சொன்ன உடனே எதிர்ல யாரு நிக்கறாங்கனு தெரிஞ்சுருது, தேதிவாரியா இல்ல, நாட்டுவாரியா இல்ல. கதை, கவிதைக்கு பேசுபொருள், பாடுபொருள் போதும். இசைக்கு மெட்டுவாரிப் பட்டியல்னு போட்டுக்கலாம். அந்த கேள்விக்குறி வாங்குன உயிரெழுத்துக்குத்தான் ஒத்த வார்த்தை கிடைக்கல, "பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் வரும் உயிர்"னு நீட்டி எழுதி அனுப்புனேன், இந்த தடவ மஞ்சள் வரல.

மத்த சங்கதிய சட்டுனு சொல்லிடறேன். நெட் இல்லாமலும் ஓடுது, ஆனா பூர்வீகம் பக்கத்துக்கு மட்டும் நெட் வேணும், எது நல்லா இருக்கோ அதுக்குத்தான் நெட் கேக்குது பாருங்க. உதாரண வாக்கியங்கள் சவசவனு இருக்கு, தீமேட்டிக்குக்கு மூணு கொடுத்திருக்காங்க, மூணுலயும் மேப் இல்ல, பாட்டு இல்ல, மூணும் ஏதோ ஒரு நாவலோட தீமேட்டிக் ஒற்றுமை. சேமிச்சு வைக்கற பட்டியல் அகரவரிசைல மட்டும்தான் வருது, நம்ம இஷ்டத்துக்கு பிரிக்க முடியல, அதாவது பொருள்வாரியா வைக்க முடியாது, இத எழுதறப்பதான் கவனிச்சேன். விளம்பரம் இல்ல, அது நிம்மதி. தப்ப சுட்டிக்காட்டி நாலு தடவ எழுதுனேன், நாலு தடவயும் "உங்கள் கருத்துக்கு நன்றி"னு ஒரே பதில், நாலாவது தடவ அந்த பதில்ல ஒரு ஸ்மைலி சேந்திருந்துச்சு. தேமா இன்னும் தேமாவாவே இருக்கு.

மார்க் போட சொன்னா உச்சரிப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு, அர்த்தத்துக்கு ரெண்டு, தமிழுக்கு ஒண்ணரை, பூர்வீகத்துக்கு அஞ்சுக்கு ஆறு. அவசரமா ஒரு அர்த்தம் பாத்துட்டு ஓடற ஆளுங்களுக்கு இது வேணாம், ஓசில கிடைக்கறதே போதும். வார்த்தைய நோண்டற வியாதி இருந்தா தாராளமா வாங்கலாம்.

சந்தா அடுத்த வாரம் முடியுதுனு ஆப்பு மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, வேணாம்னு எடுத்துரலாம்னுதான் நேத்து ராத்திரி தொறந்தேன். தீமேட்டிக் பக்கத்துல அடில "இந்த வேரின் பிற சொற்கள்"னு இருந்தத சும்மா தட்டுனேன், எபிதெட்னு ஒண்ணு வந்துச்சு. கிரேக்கத்துல எபிதெட்டான், மேல வச்சது, அதே தித்தேமி வினை. பெயர்ச்சொல் மேல வைக்கிற அடைமொழிக்கு அவங்க வச்ச பேரு. அட்ஜெக்டிவ்ங்கறதே லத்தீன்காரங்க அந்த எபிதெட்டான அப்படியே மொழிபெயர்த்ததாம். ஆக நான் ஒரு வருஷமா மல்லுக்கட்டுன இந்த அட்ஜெக்டிவும், அட்ஜெக்டிவ்ங்கறதுக்கு கிரேக்கன் வச்ச பேரும் ஒரே வயித்து புள்ளைங்க, அதையும் எனக்கு முன்னாடி ஒரு மொழிபெயர்ப்பாளன் லத்தீனுக்கு கொண்டு போக உக்காந்து மண்டைய ஒடச்சிருக்கான். மணி ஒண்ணரை. சந்தாவ இன்னொரு வருஷத்துக்கு நீட்டிட்டு போய் படுத்தேன்.